கல்யாணப் பத்திரிகை ஆர்டரை வைத்து பிராசஸ் மாடலிங் கற்றுக்கொள்ளலாம்

ஒரு வேலை எங்கே தொடங்கி யார் யார் கை மாறி எங்கே முடிகிறது என்பதைப் படமாகப் போடுவதுதான் பிசினஸ் பிராசஸ் மாடலிங். இதற்குப் பரவலாகப் புழங்கும் குறியீட்டு முறையின் பெயர் பிபிஎம்என் (பிசினஸ் பிராசஸ் மாடல் அண்ட் நொட்டேஷன்). இதன் 2.0 பதிப்பு 2011இல் வந்தது, 2013இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. குறியீடுகள் ஏராளம், ஆனால் ஆரம்பத்துக்கு ஐந்தாறு போதும். ஒரு சின்ன அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேலையை வைத்துப் பார்ப்போம்.

படி 1: கணினியைத் திறக்காதீர்கள், வேலை செய்பவரிடம் போய்க் கேளுங்கள். முதலாளியைக் கேட்டால் "ஆர்டர் எடுப்போம், டிசைன் போடுவோம், அடிச்சுக் கொடுப்போம்" என்று மூன்றே கட்டத்தில் முடித்துவிடுவார். டிசைன் போடுகிற பெண்ணிடம் கேட்டால்தான், வாட்ஸ்அப்பில் வந்த கையெழுத்துத் தாளைப் பார்த்து டைப் அடித்து ப்ரூஃப் (சரிபார்க்கக் கொடுக்கும் மாதிரி) அனுப்பியதும் "பெரியப்பா பேர் விட்டுப்போச்சு" என்று ஒன்று, "முகூர்த்த நேரம் தப்பு" என்று இன்னொன்று, இப்படி மூன்று நான்கு தடவை திரும்பி வருவது தெரியும். படத்தில் வரவேண்டியது இந்தக் கதைதான்.

படி 2: தொடக்கத்துக்கு மெல்லிய கோட்டு வட்டம், "ஆர்டர் வந்தது". முடிவுக்குத் தடித்த கோட்டு வட்டம், "பத்திரிகை கொடுத்து பாக்கி வாங்கியாச்சு".

படி 3: ஒவ்வொரு வேலைக்கும் முனை மழுங்கிய ஒரு கட்டம். உள்ளே வெறுமனே "ப்ரூஃப்" என்று எழுதினால் யாருக்கும் புரியாது, "ப்ரூஃப் அனுப்பு" என்று எழுதுங்கள்.

படி 4: அச்சகத்துக்கு ஒரு பெரிய பெட்டி, அதாவது பூல். அதற்குள் கவுண்டர், டிசைனர், மெஷின்மேன் என்று ஆளுக்கொரு லேன், அதாவது நீளப் பட்டை. வாடிக்கையாளர் வெளியாள், அவருக்குத் தனி பூல். பூலுக்குள் முழுக்கோட்டு அம்பு, இரண்டு பூலுக்கு நடுவே விட்டு விட்டுப் போகும் கோட்டு அம்பு. புதிதாக வரைகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

படி 5: வழி பிரிகிற, சேருகிற இடத்துக்கு வைரக் கட்டம் (சாய்சதுரம்). இதை நிதானமாகப் படியுங்கள். உள்ளே பெருக்கல் குறி போட்டால் ஏதாவது ஒரு வழிதான்: ப்ரூஃப் சரி என்றால் முன்னே போகும், இல்லையென்றால் திருத்துவதற்குத் திரும்பிப் போகும். கூட்டல் குறி போட்டால் எல்லா வழியும் ஒரே சமயத்தில்: அட்வான்ஸ் வாங்கியதும் ஒரு பக்கம் வெற்றுக் கார்டை மொத்தக் கடையில் சொல்லி வரவழைக்கிறோம், இன்னொரு பக்கம் ப்ரூஃப் வேலை ஓடுகிறது. அப்புறம் இரண்டும் சேருகிற இடத்திலும் கூட்டல் குறியே வேண்டும். மறந்துபோய் அங்கே பெருக்கல் குறி போட்டீர்கள் என்றால், ப்ரூஃப் முடியாமலே, கார்டு வந்து இறங்கிய நிமிடமே அச்சடிக்கலாம் என்று படம் சொல்லிவிடும், ப்ரூஃப் முடிந்ததும் இன்னொரு தடவை அடிக்கச் சொல்லும்!

படி 6: இப்போது கணினிக்கு வரலாம். பிபிஎம்என்.ஐஓ தளத்தில் பிரவுசரிலேயே இலவசமாக வரையலாம். வரைந்ததை அச்செடுத்து அதே டிசைனரிடம் கொடுத்து, போன வாரத்து ஆர்டர் ஒன்றை விரலால் தடவிக்கொண்டே போகச் சொல்லுங்கள். நான் அப்படிச் செய்தபோது "ப்ரூஃப் சரியா?" என்ற வைரத்தில் விரல் நின்றுவிட்டது. "சரின்னு யார் சொல்லணும்? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார். அது என் படத்தில் எங்குமே இல்லை. ஆர்டர் எடுக்கும்போதே ஓகே சொல்லப்போகிற ஒருவரின் பெயரையும் நம்பரையும் குறித்துக்கொள்வது என்று கவுண்டர் லேனில் ஒரு கட்டம் சேர்த்தோம்.