கவோட் ஆடறது எப்படி, கொஞ்சம் ட்ரை பண்ணுங்க

கவோட்ங்கிற நடனம்னா நிறைய பேருக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கோட (Bach) பியானோ பீஸ்தான் ஞாபகம் வரும், ஆனா ஃப்ரான்ஸோட மேற்கு ஓரத்துல பிரிட்டனிங்கிற (Brittany) பகுதியில இன்னிக்கும் ராத்திரி கூத்து மாதிரி நடக்குற ஃபெஸ்ட் நோஸ்ல (2012ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேர்த்தாங்க) ஜனங்க கைகோத்து வரிசையா இதைத்தான் ஆடறாங்க.

ஸ்டெப் எட்டு எண்ணிக்கை. வரிசை இடது பக்கமா நகரும். ஒண்ணுக்கு இடது கால், ரெண்டுக்கு வலது, மூணுலயும் நாலுலயும் சேர்த்து வேகமா இடது-வலது-இடது, அப்புறம் அஞ்சு வலது, ஆறு இடது, ஏழு வலது, எட்டுல வலது கால்லயே நின்னுடணும். எல்லாரும் சொதப்புறது அந்த மூணு-நாலுலதான், அதனால பாட்டே போடாம வாயால "தா தா தகதா" சொல்லிக்கிட்டே பழகுங்க, கால் தூக்கி குதிக்க வேணாம், பக்கத்துல இருக்கவங்க கை இழுக்குற தாளத்தை ஃபாலோ பண்ணாலே பாதி வந்துடும்.

பாட்டுக்கு கான் ஹா டிஸ்கான் தேடுங்க. ஒருத்தர் ஒரு வரி பாடுவாரு, கடைசி சில எழுத்துல ரெண்டாமவர் சேர்ந்து அதே வரியை திருப்பி பாடுவாரு, நடுவுல இடைவெளியே இருக்காது, மூச்சு வாங்க மாத்தி மாத்தி எடுத்துக்குவாங்க. இல்லைன்னா பொம்பார்ட் (நாயனம் மாதிரி ஊதுற குழல்), பினியூ (பை வெச்சு ஊதுற வாத்தியம்) ஜோடி கேளுங்க, நம்ம நாயனம் கேட்டு வளர்ந்த காதுக்கு பொம்பார்ட் சத்தம் ஒண்ணும் புதுசா இருக்காது.

அரண்மனை கவோட் வேற கதை. அது பார் (தாளத்தோட ஒரு சுத்து) நடுவுல ஆரம்பிக்கும். பாக்கோட அஞ்சாவது ஃப்ரெஞ்ச் ஸ்வீட்ல (French Suite, நடன இசைத் தொகுப்பு) வர்ற கவோட்டை போட்டு "மூணு நாலு, ஒண்ணு"ன்னு எண்ணிப் பாருங்க, புரிஞ்சிடும்.