ஸ்பைடர் பிளான்ட் குட்டி விட்டது இப்படித்தான்

என் ஸ்பைடர் பிளான்ட் தொட்டி வழிய இலை விட்டு நின்றது. தாய்ச்செடியிலிருந்து நீளும் தண்டில் முளைக்கும் குட்டிச் செடி மட்டும் ஒன்றுகூட இல்லை. உரம் போதவில்லை என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். ஆனால் உரத்திலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலைதான் பெருகும், குட்டி தள்ளிப்போகும். அதனால் உரத்தை நிறுத்தினேன். பெரிய தொட்டிக்கும் மாற்றவில்லை. வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் இந்தச் செடி குட்டி விட முனையும்.

நிலைமையை உண்மையில் மாற்றியது இருட்டு என்பேன். நாளுக்கு 12 மணி நேரத்துக்கும் குறைவான வெளிச்சம், தொடர்ந்து மூன்று வாரமாவது கிடைத்தால் இது பூத்துக் குட்டி விடத் தூண்டப்படும். கூடத்தில் ராத்திரி வெகுநேரம் விளக்கு எரியும். செடிக்கு அதுவும் பகல்தான். இரவில் விளக்குப் போடாத அறையின் ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்தேன். பகலில் நல்ல வெளிச்சம், பொழுது சாய்ந்தால் முழு இருட்டு.

அப்புறம் இலைகளுக்கு நடுவிலிருந்து வெளிர்மஞ்சள் தண்டு ஒன்று நீண்டது. அதில் ஆறு இதழோடு சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். தயவுசெய்து இந்தத் தண்டை நறுக்கிவிடாதீர்கள், குட்டி வருவதே இதன் கணுக்களில்தான். அப்படிக் கணுவில் வந்த குட்டியின் இலைக்கொத்தைத் திருப்பிப் பார்த்தபோது அடியில் வேர் முண்டுகள் துருத்திக்கொண்டிருந்தன. எவ்வளவு சந்தோஷம்!

செடி இளசு என்றால் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும். குட்டியைத் தாயோடு இருக்கும்போதே பக்கத்துத் தொட்டியின் ஈர மண்ணில் அமர்த்தி, வேர் பிடித்த பிறகு தண்டை வெட்டுங்கள்.