வைஃபை: 3-ஆம் சேனல் காலியாக இல்லை

ரூட்டரை அலமாரிக்குள் வைக்காதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுக்குமாடியில் புதிதாக வைஃபை அமைப்பவர்கள் திரும்பத் திரும்ப வந்து விழும் குழிகள் வேறு.

ஆளில்லாத சேனலைப் பிடிப்பது

அக்கம்பக்க ரூட்டர்கள் எந்தச் சேனலில், அதாவது எந்த அலைவரிசைப் பகுதியில் பேசுகின்றன என்று காட்டும் ஸ்கேன் செயலியில் 1-இல் நான்கு வீடு, 6-இல் ஐந்து, 11-இல் மூன்று. 3-இல் யாருமில்லை. உடனே ரூட்டரை 3-க்கு மாற்றுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது.

வைஃபையின் அலைப்பட்டைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். சிக்னலின் அகலமோ 20. 3-இல் உட்கார்ந்த ரூட்டர் 2412 முதல் 2432 வரை பரவும். 1-இன் மேல்பாதியும் 6-இன் கீழ்க் கால் பங்கும் அதன் காலடியில்.

ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றது புரிந்துகொள்ளும். மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மெலியும்) அளவுக்கு மெலிந்த சிக்னலின் முகப்பு காதில் விழுந்தாலே வாயை மூடிக் காத்திருக்கும். நெரிசல்தான், ஆனாலும் வரிசை உண்டு. சேனல் பாதி தள்ளி விழுந்தால் அந்த முகப்பைப் பெரும்பாலும் படிக்க முடியாது. வெறும் இரைச்சலாகவே கேட்கும். இரைச்சலுக்கு ஒதுங்க அது மைனஸ் 62-ஐத் தொட வேண்டும், அதாவது நூறு மடங்கு பலம். அதற்குக் கீழே என்றால் இரு தரப்பும் வழி காலி என்று ஒரே நேரத்தில் அனுப்பும். பாக்கெட் (ஒரு தடவை அனுப்பும் தரவுத் துண்டு) சிதையும், மறுபடி அனுப்பும், வேகப் படி இறங்கும், ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றை இன்னும் அதிக நேரம் பிடித்துக்கொள்ளும். 1-இலும் 6-இலும் ஒழுங்காக இருந்த ஒன்பது வீட்டுக்கும் கேடு.

1, 6, 11-இல் ஒன்றை எடுங்கள். தலையை எண்ணாதீர்கள், இரவு எட்டு மணிக்கு மேல் சேனல் பயன்பாட்டுச் சதவீதத்தைப் பாருங்கள். சும்மா கிடக்கும் நான்கு ரூட்டரைவிட ஓயாமல் வீடியோ இறக்கும் ஒன்று அதிக நேரத்தைத் தின்னும்.

2.4-இல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம்

வேண்டாம். மொத்தப் பட்டையே 83.5தான்.

ரூட்டரின் அனுப்பும் திறனை உச்சத்தில் வைப்பது

ரூட்டர் பேசுவது போனுக்கு எட்டும். போனின் பதில் ரூட்டருக்கு எட்டாது. சிக்னல் கோடு நிறைந்திருக்கும், பக்கம் திறக்காது.

ஐந்தாறு வைஃபை பெயர்கள்

ஒவ்வொரு பெயரும் நொடிக்குச் சுமார் பத்து முறை அறிவிப்பு அனுப்பும், அதுவும் மிக மெதுவான வேகத்தில். இரண்டு போதும்.

5 கிகாஹெர்ட்ஸில் அவசரம்

ரேடாருக்கு வழிவிடும் டிஎஃப்எஸ் இயங்கும் ரூட்டர், 52 முதல் 64 வரையுள்ள சேனல்களில் 60 நொடி காதைத் தீட்டிக் கேட்ட பிறகே பேசத் தொடங்கும். பெயர் தெரியவில்லையே என்று அதற்குள் அணைத்துப் போட்டால் மறுபடி 60 நொடி.