விண்டோஸுக்கு மாற்றியதும் தமிழ் காணாமல் போகிறதா?

லினக்ஸில் ஒழுங்காகத் தமிழ் காட்டிய மென்பொருள், வெள்ளவத்தைக் கடையொன்றின் விண்டோஸ் கணினியில் போட்டதும் முழுக்க ஆங்கிலமாகிவிடும். மொழிபெயர்ப்பைக் கிண்ட வேண்டாம். பெரும்பாலும் கோப்புப் பாதைதான் பிழை. நிரலின் செய்திகளை மொழிபெயர்த்துக் காட்டும் கருவியான கெட்டெக்ஸ்டின் கோப்புகள் இருக்கும் இடத்தை, தொகுக்கும்போதே '/யுஎஸ்ஆர்/ஷேர்/லோக்கேல்' என்று நிரலில் பதித்துவிடுகிறோம். விண்டோஸில் அப்படியோர் அடைவு கிடையாது, பிழைச்செய்தியும் வராது.

அந்த இடத்தை நிரல் ஓடும்போதே கண்டுபிடிக்கச் செய்யுங்கள். கெட்மொட்யூல்ஃபைல்நேம் என்ற விண்டோஸ் செயற்கூறு மூலம் எக்ஸ்இ கோப்பு இருக்கும் இடத்தைக் கேட்டு, அங்கிருந்து லோக்கேல் அடைவுக்குப் பாதை கட்டி, கெட்டெக்ஸ்டின் பைண்ட்டெக்ஸ்ட்டொமைன் செயற்கூறுக்குக் கொடுத்தால் சரி. நடப்பு அடைவை மட்டும் நம்பவே கூடாது, நிரலைத் திறக்கும் விதத்தைப் பொறுத்து அது மாறும்.

அப்புறம், இலங்கைக்கெனத் தனிக் கோப்பு தேவையில்லை: 'டிஏ_எல்கே' (இலங்கைத் தமிழ்) இல்லாவிட்டால் கெட்டெக்ஸ்ட் தானாகவே 'டிஏ' (பொதுத் தமிழ்) அடைவைப் பார்க்கும். அதனுள் மொழிபெயர்ப்புக் கோப்பு இருக்க வேண்டிய 'எல்சி_மெசேஜஸ்' உள்ளடைவு இருக்கிறதா என்று பாருங்கள்.