இம்ப்ளான்ட் வைத்த பிறகு ஈறு ஆறும்வரை

அம்மாவுக்குக் கீழ்க் கடைவாயில் இம்ப்ளான்ட் (போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்தபோது கூட இருந்து பார்த்துக்கொண்டது நான். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, வெற்றிலைப் பழக்கமும் உண்டு. அதனால் எல்லாவற்றையும் டாக்டரிடம் துருவித் துருவிக் கேட்டேன். வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் 24 மணி நேரம் காயத்தைச் சும்மா விடுங்கள். அங்கே உறையும் ரத்தம்தான் காயத்துக்கு மூடி. கொப்பளித்தாலோ, துப்பினாலோ, ஸ்ட்ராவில் உறிஞ்சினாலோ அது பெயர்ந்துவிடும். கடிக்கக் கொடுத்த பஞ்சுத்துணியை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தால் கசிவு நிற்காது. கன்னத்தின் வெளியே, துணியில் சுற்றிய ஐஸ் கால் மணி நேரம் வைத்து, கால் மணி விட்டு, மறுபடி வையுங்கள். இரவு தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் நாள் வீக்கம் கூடும். அதற்கப்புறம் வடிய வேண்டும். காயத்தின் மேல் வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்து அம்மா, "சீழ் வெச்சிருச்சுடி" என்று பதறிவிட்டாள். ஆறும் காயத்தின் மேல் படியும் ஃபைப்ரின் என்ற புரதப் படலம் அது. சுரண்டக் கூடாது.

மறுநாளிலிருந்து, வெதுவெதுப்பான ஒரு டம்ளர் நீரில் அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, தானாக வழிய விட்டால் போதும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்திருந்தால், பேஸ்ட் போட்டுப் பல் தேய்த்து அரை மணி கழித்துப் பயன்படுத்துங்கள். சொன்ன நாட்களுக்கு மேல் வேண்டாம், பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

சாப்பாட்டில்தான் நம் வீடுகளில் கவனம் தேவை. குழைந்த சாதத்தில் தயிர் போடுவோம், ஆனால் கடுகு தாளித்துவிடுவோம்! கடுகு, தக்காளி விதை, எள் எல்லாம் தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தாளிக்காத தயிர் சாதம், வடிகட்டி ஆறவைத்த ரசத்தில் ஊறிய இட்லி, மசித்த பருப்பு, மெத்தென்ற முட்டை இவை போதும். சூடும் காரமும் வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கஞ்சியும் ஜூஸுமாகவே கொடுத்தால் சர்க்கரை ஏறி, காயம் ஆறுவது தள்ளிப்போகும். வலிக்கிறதென்று பட்டினி கிடந்து சர்க்கரை மாத்திரை மட்டும் போடுவதும் ஆபத்து.

வெற்றிலை பாக்கை அம்மா அறவே விட்டாள். பாக்குத் துணுக்கு காயத்தைக் கீறும். புகையிலையும் சிகரெட்டும் ஈறுக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கும். பக்கத்து வீட்டு அக்கா கிராம்பு எண்ணெய் கொண்டுவந்தார். அன்பாகத்தான் கொடுத்தார், ஆனால் பச்சைப் புண்ணில் அது எரிச்சலூட்டும், வைக்காதீர்கள்.

தையலைப் பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். மேல்தோல் இரண்டு வாரத்தில் மூடினாலும் உள்ளே ஈறு இறுகி உறுதிப்பட 6 முதல் 8 வாரம் ஆகும். மூடிவிட்டதென்று முறுக்கைக் கடிக்கக் கூடாது. ஈறுக்கு வெளியே இம்ப்ளான்ட்டின் உலோக மூடி தெரிந்தால் பயம் வேண்டாம், ஈறு அதைச் சுற்றி அணைந்து வளரத்தான் வைத்திருக்கிறார்கள். டாக்டர் சரி என்றதும் மெல்லிய பிரஷ்ஷால் அதைச் சுற்றித் தேயுங்கள். அது ஆடினாலோ கழன்றாலோ அன்றைக்கே போன் செய்யுங்கள், ஈறு சீக்கிரம் மேலே மூடிக்கொள்ளும்.

நிற்காத ரத்தம், மூன்றாம் நாளுக்குப் பிறகும் கூடும் வீக்கம், காய்ச்சல், சீழ், மரப்பு ஊசியின் வேகம் போன பிறகும் மரத்தே இருக்கும் கீழுதடு: இதில் எது வந்தாலும் காலைவரை காத்திராமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.