புட்டர் எடுக்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

டிஸ்க் கோல்ஃப்ல (தட்டு மாதிரி டிஸ்க்க வீசி செயின் தொங்குற கூடையில போடுற விளையாட்டு) டிரைவர், அதாவது தூரமா வீசுற டிஸ்க், வாங்க மண்டையப் போட்டு உடைச்சிக்கிறவங்க கூட, கூடைக்கு கிட்ட வந்து போடுற (புட் பண்ற) டிஸ்க்கான புட்டர்னு வந்தா பெரிய ப்ளேயர் எதை வீசுறாரோ அதையே வாங்கிட்டு வந்துடுறாங்க, முதல் தப்பே இதுதான். டிஸ்க்ராஃப்ட் கம்பெனியோட லூனா, பால் மெக்பெத்ங்கிற பெரிய ப்ளேயர் பேர்ல வர்ற டிஸ்க், நல்ல டிஸ்க்தான், ஆனா அவரு கை வேற உங்க கை வேற.

கையில எப்படி உக்காருதுன்னு பாக்குறதுதான் பாதி வேலை. சும்மா தூக்கிப் பாத்து "நல்லாருக்கு"ன்னு வெச்சிடாதீங்க, நீங்க புட் பண்ணும்போது எப்படி பிடிப்பீங்களோ அதே மாதிரி பிடிச்சு, கண்ண மூடிட்டு, விரல் நுனி ரிம்முக்கு (டிஸ்க்கோட விளிம்பு) உள்ள எங்க படுதுன்னு கவனிங்க, அப்புறம் மெதுவா ரிலீஸ் பண்ற மாதிரி கைய நீட்டிப் பாருங்க. ரிம் ரொம்ப ஆழமா இருந்தா சின்ன கைக்காரங்களுக்கு கடைசி விரல் சிக்கும், டிஸ்க் வலது இடதுன்னு இழுத்துட்டுப் போகும். ரிம்முக்கு அடியில ஒரு சின்ன மேடு ஓடுமே, பீடு, அது சிலருக்குப் பிடிமானம், சிலருக்கு உறுத்தல். இன்னோவா கம்பெனியோட ஏவியார் புட்டர் பீடோடவும் வருது, இல்லாமலும் வருது, ரெண்டையும் பிடிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

விலை ஜாஸ்தியான பிளாஸ்டிக்தான் நல்லதுன்னு நினைக்கிறதும் தப்பு. அது ரொம்ப நாள் உழைக்கும், அவ்ளோதான். புட்டிங்குக்கு சாதா பிளாஸ்டிக்தான் பலபேருக்கு கையில நல்லா ஒட்டும், வேர்த்த கையிலயும் ஓரளவு நிக்கும். குளிர்ல எல்லாமே கொஞ்சம் கெட்டியாயிடும், அதையும் மனசுல வெச்சிக்கோங்க.

டிஸ்க் எப்படி பறக்கும்னு சொல்ற ஃப்ளைட் நம்பரப் பாத்து ரொம்ப குழப்பிக்காதீங்க. விதிப்படி கூடையில இருந்து 10 மீட்டருக்குள்ளதான் புட்டிங் ஏரியா, அந்த தூரத்துல காத்து இல்லன்னா நம்பர விட உங்க ரிலீஸ்தான் பேசும். எதிர்காத்துல மட்டும் ஓவர்ஸ்டேபிள் புட்டர் (காத்து சட்டுனு கவுத்துப் போட முடியாதது) நெஜமாவே கைகொடுக்கும்.

என்னைக் கேட்டா எல்லாத்தையும் விட மோசமான தப்பு, ஒரு நாள் செயின்ல பட்டு வெளிய விழுந்துச்சுன்னு உடனே புட்டர மாத்துறது. கைக்கு பழகவே டைம் குடுக்காம மாத்திட்டே இருந்தா, தப்பு டிஸ்க்லயா கையிலயான்னு எப்பவுமே தெரியாது. பிராக்டிஸுக்கு அஞ்சாறு வாங்குனா ஒரே மோல்டு (டிஸ்க்கோட மாடல்), ஒரே பிளாஸ்டிக், கிட்டத்தட்ட ஒரே வெயிட்டா வாங்குங்க, 165 கிராம் ஒண்ணு 174 கிராம் ஒண்ணுன்னு கலந்து வீசுனா கைக்கு எந்த அளவும் பதியாது.

அப்புறம், புட் பண்ற டிஸ்க்க, முதல் வீச்சு வீசுற இடமான டீல இருந்து வீசி மரத்துல அடிக்காதீங்க. ரிம் நசுங்குனா பிடியும் மாறும், பறக்குறதும் மாறும். வீசுறதுக்குன்னு தனியா ஒண்ணு வெச்சிக்கோங்க.