செயினுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், பூந்திக்கொட்டை போதும்

மதுரையில் செல்லூர்ப் பக்கம் சைக்கிள் செயினை மண்ணெண்ணெய் ஊற்றித்தான் கழுவுவார்கள். அந்தக் கறுப்புத் தண்ணீர் சாக்கடையில் இறங்கினால் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குத்தான் போகும். எனக்கு மனசு ஒப்பவில்லை.

சோப்பு மாதிரி நுரைத்து அழுக்கெடுக்கும் பூந்திக்கொட்டையை ஒரு கைப்பிடி எடுத்து, விதை நீக்கி இரவே ஊறப்போடுங்கள். காலையில் அதே தண்ணீரோடு கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். முதலில் செயினைக் காய்ந்த வேட்டித் துணியால் அழுத்தித் துடையுங்கள்; பாதி அழுக்கு அதிலேயே வந்துவிடும். அப்புறம் பழைய டூத்பிரஷை வெதுவெதுப்பான கரைசலில் தோய்த்து, பெடலைப் பின்னால் சுற்றியபடி தேயுங்கள். ஒழுகுவதைத் துணியிலேயே ஏந்துங்கள். கெட்டி கிரீஸ் ஒரே தடவையில் போகாது. பிறகு வெயிலில் நன்றாகக் காயட்டும், ஈரம் தங்கினால் துருதான்.

எண்ணெய்க்கு விளக்கெண்ணெய். நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசினாகிவிடும். விளக்கெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் இறுகாது. செயினில் உள்ள ஒவ்வொரு உருளைக்கும் உட்பக்கமாக ஒரே சொட்டு. கால் மணி நேரம் கழித்து, விரலில் ஒட்டாத அளவுக்கு வெளிப்பக்கத்தைத் துடையுங்கள். இங்கே சோம்பல்பட்டால் ரோட்டுப் புழுதியெல்லாம் செயினில்தான். ரிம்மில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது, பிரேக் பிடிக்காது.

சீமைக்கருவேல முள் ஏறினால் டியூப்பைத் தூக்கிப் போடாதீர்கள், ஒட்டுப் போடுங்கள். அழுக்குத் துணியைச் சாக்கடையில் அலசாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை முதல் துடைப்புக்கு ஆகும்.